அடுத்த அறைக்கு ஒரு கோப்பு

ஒரே ரவுட்டரில் இணைந்திருக்கும் இரண்டு கணினிகளில், ஒன்றின் வட்டில் உள்ள கோப்பை மற்றொன்றிலிருந்து நேரடியாகத் திறக்கலாம், திருத்தலாம், நகலெடுக்கலாம். இதற்கு இணைய இணைப்பு தேவையில்லை. காசு கொடுத்து மென்பொருள் வாங்கவும் தேவையில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலுமே இந்த வசதி கிடைக்கிறது. இருந்தும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. மாடியில் உள்ள லேப்டாப்பிலிருந்து கீழே உள்ள கணினிக்குக் கல்யாண வீடியோவைக் கொண்டுபோக வீடு முழுக்கப் பென்டிரைவைத் தேடுகிறார்கள். அது கிடைக்காவிட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. கூகுள் டிரைவில் ஏற்றி இறக்கினால், அடுத்த அறைக்குப் போக வேண்டிய கோப்பு எங்கோ இருக்கும் தரவு மையம் வரை போய்த் திரும்பி வருகிறது.

வீட்டு நெட்வொர்க்கின் நடுவில் இருப்பது ரவுட்டர். ஃபைபர் இணைப்பு தருபவர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியிலேயே பெரும்பாலும் ரவுட்டரும் அடங்கியிருக்கும். அது வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி தருகிறது. அந்த முகவரி அநேகமாக 192.168 என்று தொடங்கும். வீடுகளும் அலுவலகங்களும் தங்களுக்குள் மட்டும் புழங்குவதற்கென்று ஒதுக்கப்பட்ட எண்வரிசைகளில் இது ஒன்று. 1996 பிப்ரவரியில் வெளியான இணையத் தரநிலை ஆவணம் ஒன்று இவற்றை வரையறுத்தது. இந்த முகவரிகள் வெளி இணையத்தில் செல்லாது. அதனால்தான் எதிர்வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், நம் வீட்டிலும் இருக்கலாம், குழப்பம் வராது. வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு போகும்போது அது ரவுட்டரைத் தாண்டி வெளியே போவதில்லை. எத்தனை ஜிபி அனுப்பினாலும் இணையத் திட்டத்தின் டேட்டா குறையாது. தெருவில் கேபிள் அறுந்து இணையம் இல்லாத நாளிலும் இந்த வேலை நடக்கும். ரவுட்டருக்கு மின்சாரம் மட்டும் இருந்தால் போதும்.

கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட், 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிஃபோர்னியா ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது. கேபிள் போட்டால் மட்டும் கோப்பு போய்விடாது. ‘இந்தக் கோப்பைத் திற, இத்தனை பைட் படி, இப்போது மூடு’ என்று ஒரு கணினி கேட்கவும் மற்றொன்று பதில் சொல்லவும் பொதுவான மொழி வேண்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் யூனிக்ஸ் கணினிகளுக்காக என்எஃப்எஸ் என்ற நெறிமுறையை உருவாக்கியது. அதே காலத்தில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் வடிவமைத்தது எஸ்எம்பி. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. 1992-இல் வந்த ‘விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்’ பதிப்போடு, தனியாக ஒரு சர்வர் இல்லாமலேயே சாதாரண மேசைக் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கின. இன்று வீட்டில் நடக்கும் பகிர்வும் அந்த வழியில் வந்ததுதான்.

விண்டோஸின் இந்த மொழியை மற்றக் கணினிகளும் பேச முடிந்ததற்கு ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவர் காரணம். 1991 கடைசியில் யூனிக்ஸ் கணினி ஒன்றின் வட்டைத் தன் பிசியிலிருந்து பயன்படுத்த அவருக்குத் தேவை ஏற்பட்டது. நெறிமுறையின் விவரம் அவர் கையில் இல்லை. கேபிளில் போகும் தகவல் பொட்டலங்களை ஒட்டுக்கேட்டு, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வருகிறது என்று பார்த்துப் பார்த்தே தன் நிரலை எழுதினார். அதற்கு முதலில் வைத்திருந்த பெயருக்கு வேறொரு நிறுவனம் உரிமை கோரியது. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் இதே வரிசையில் வரும் சொற்களைக் கணினியில் இருந்த அகராதிக் கோப்பில் தேடினார். கிடைத்தவற்றில் ஒன்று ‘சாம்பா’. லினக்ஸ் கணினிகளும், கடையில் விற்கும் நெட்வொர்க் வட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவையும் விண்டோஸோடு பேசுவது இன்றும் இந்த இலவச மென்பொருளின் வழியாகத்தான். ஆப்பிள் நிறுவனம் தனக்கென்று தனி நெறிமுறை வைத்திருந்தது. 2013-இல் வந்த மேக்கின் மேவரிக்ஸ் பதிப்பில் அதுவும் எஸ்எம்பியையே முதல் தேர்வாக்கியது. ஆகவே வீட்டில் எந்த வகைக் கணினி இருந்தாலும் எஸ்எம்பி ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும்.

பகிர்வில் ஒரு கணினி கொடுப்பது, மற்றொன்று கேட்பது. கோப்புறை இருக்கும் கணினி விழித்திருக்க வேண்டும். அது ஸ்லீப்புக்குப் போய்விட்டால் எதுவும் கிடைக்காது. கேட்கும் கணினி முதலில், எஸ்எம்பியின் எந்தப் பதிப்பில் பேசலாம் என்று கேட்டு ஒத்துக்கொள்கிறது. பிறகு தன் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நிரூபிக்கிறது. அதன் பின்னரே கோப்புறை திறக்கிறது. பகிரப்பட்ட கோப்பை இருசொடுக்கித் திறந்தால் முழுக் கோப்பும் இங்கே நகலாகிவிடுவதில்லை. தேவைப்படும் பகுதிகள் மட்டும் அவ்வப்போது வருகின்றன. இரண்டு மணி நேரப் படத்தின் நடுப்பகுதிக்குத் தாவினாலும் அது உடனே ஓடுவது இதனால்தான். ஒருவர் எக்செல் கோப்பைத் திருத்திக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதைத் திறந்தால், பூட்டப்பட்டிருப்பதாகச் செய்தி வரும். அது பழுதல்ல. இருவர் எழுதியதும் ஒன்றையொன்று அழித்துவிடாமல் இருக்க வைத்த காவல்.

இங்கே பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. நெட்வொர்க் வழியாகத் திறந்த விண்டோஸ் கோப்புறையில் ஒரு கோப்பை அழித்தால் அது வழக்கமாக ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. இந்தக் கணினியின் பின்னிலும் இருக்காது, அந்தக் கணினியின் பின்னிலும் இருக்காது. போனது போனதுதான்.

விண்டோஸில் பகிர்வைத் தொடங்கும் முன் பார்க்க வேண்டியது, வீட்டு நெட்வொர்க்கை விண்டோஸ் எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது. ‘பப்ளிக்’ என்று குறித்திருந்தால், காபிக் கடையிலோ ரயில் நிலையத்திலோ இருப்பதாக நினைத்து அது தன்னை மறைத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் வீட்டு வைஃபையை ‘பிரைவேட்’ என்று மாற்ற வேண்டும். மாற்ற வேண்டியது பகிரும் கணினியில். பிறகு பகிர வேண்டிய கோப்புறையை வலச்சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் ‘ஷேரிங்’ பகுதியைத் திறந்து, யாருக்கு என்பதையும் படிக்க மட்டுமா எழுதவுமா என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். முழு சி டிரைவையும் பகிர்வதில் அர்த்தமில்லை. ‘குடும்பப் படங்கள்’ என்று ஒரு கோப்புறை வைத்து அதை மட்டும் பகிர்வதே சரி. கோப்புறைக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். இன்றைய எஸ்எம்பி யூனிகோடில் பேசுவதால் மேக்கிலும் லினக்ஸிலும் அந்தப் பெயர் அப்படியே தெரியும்.

மற்றக் கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு, பகிரும் கணினியின் பெயர், மீண்டும் ஒரு பின்சாய்வுக் கோடு, கோப்புறையின் பெயர் என்று தட்ட வேண்டும். பெயருக்குப் பதில் எண் முகவரியும் போடலாம்: \\192.168.1.5\குடும்பப் படங்கள் என்பதுபோல. அந்த எண்ணைத் தெரிந்துகொள்ள, பகிரும் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டினால் போதும்.

உடனே பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். வீட்டில் முயல்பவர்களில் பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். கேட்கப்படுவது முன்னால் இருக்கும் கணினியின் கடவுச்சொல் அல்ல. கோப்புறை இருக்கும் கணினியின் கடவுச்சொல். தினமும் அந்தக் கணினியைத் திறக்கப் பயன்படும் நாலு இலக்கப் பின் எண்ணும் இங்கே செல்லாது. பின் என்பது அந்த ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே உரியது. நெட்வொர்க் வழியாக அதைக் கொடுக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் அந்த மின்னஞ்சல் முகவரியும் அதன் முழுக் கடவுச்சொல்லும் வேண்டும். அது என்றோ வைத்தது, யாருக்கும் நினைவில்லை. இதற்கு எளிய வழி, பகிரும் கணினியில் ‘வீடு’ என்பதுபோல ஒரு தனி உள்ளூர்ப் பயனரை உருவாக்கி, அதற்கு ஒரு நல்ல கடவுச்சொல் வைத்து, வீட்டில் எல்லோரும் பகிர்வுக்கு அந்தப் பெயரையே பயன்படுத்துவது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக ஏற்காது.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் ஷேரிங், அதில் ஃபைல் ஷேரிங். விண்டோஸிலிருந்து வர வேண்டுமானால் அங்கேயே ஆப்ஷன்ஸ் பகுதியில், எந்தப் பயனர் என்று தனியாக டிக் செய்து கடவுச்சொல்லைத் தர வேண்டும். இதைத் தவறவிட்டுவிட்டு விண்டோஸைத் திட்டுபவர்கள் உண்டு. லினக்ஸில் சாம்பாவை நிறுவிய பிறகு, கணினியில் நுழையும் கடவுச்சொல் வேறு, சாம்பாவின் கடவுச்சொல் வேறு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் ‘அனுமதி இல்லை’ என்று வருவதுண்டு. விண்டோஸில் அனுமதி இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருப்பதே காரணம். பகிர்வுக்கென்று ஓர் அனுமதி. வட்டிலுள்ள கோப்புறைக்கென்று இன்னோர் அனுமதி. காம்பவுண்ட் கேட் திறந்திருந்தாலும் அறைக்கதவு பூட்டியிருந்தால் உள்ளே போக முடியாதல்லவா? இரண்டில் எது கண்டிப்பானதோ அதுவே செல்லும். பகிர்வில் ‘எழுதலாம்’ என்று கொடுத்து, செக்யூரிட்டி பகுதியில் அந்தப் பயனருக்குப் ‘படிக்கலாம்’ மட்டும் இருந்தால், படிக்க மட்டுமே முடியும். இந்தத் தொல்லைக்கு யூடியூபில் பலர் சொல்லும் மருந்து, ‘எவ்ரிஒன்’ என்பதற்கு முழு அதிகாரம் கொடுத்து, கடவுச்சொல் பாதுகாப்பையும் அணைத்துவிடுவது. வேலை நடக்கும், சந்தேகமில்லை. கூடவே, வைஃபை கடவுச்சொல்லை ஒருமுறை வாங்கிப்போன விருந்தாளி முதல் டியூஷன் பையன் வரை எல்லோருக்கும் குடும்பத்தின் ஆதார் நகலும் பத்திரங்களின் ஸ்கேனும் திறந்துகிடக்கும். சோம்பலுக்குத் தரும் விலையாக இது அதிகம்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு கணினி மற்றொன்றின் கண்ணில் படாமல் இருப்பது அடுத்த தலைவலி. இதன் காரணத்தைப் பெரும்பாலும் சுவரில் தேட வேண்டும். ஃபைபர் பெட்டியின் வைஃபை மாடிக்கு எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி மாடியில் வைக்கும் வீடுகள் ஏராளம். கீழிருந்து வரும் கேபிளை அந்த ரவுட்டரின் ‘வேன்’ துளையில் செருகியிருந்தால், அது தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உண்டாக்கிக்கொள்ளும். கீழே உள்ள கணினிகள் 192.168.1 என்று தொடங்கும் முகவரியில் இருக்கும். மாடியில் உள்ளவை 192.168.0 என்ற வரிசையில். இரண்டிலும் இணையம் நன்றாக வரும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மாடியிலிருந்து எண் முகவரியைத் தட்டிக் கீழே உள்ள கணினியை எட்டிவிடலாம், கீழிருந்து மாடியை எட்ட முடியாது. கணினிகளின் பட்டியலில் ஒன்றையொன்று காணவும் காணாது. இரண்டு கணினிகளிலும் முகவரியைப் பார்த்து, மூன்றாம் எண் வேறாக இருந்தால் கதை இதுதான். மாடி ரவுட்டரின் அமைப்பில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ இருந்தால் அதற்கு மாற்றிவிட வேண்டும். வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆகிவிடும்.

‘கெஸ்ட்’ வைஃபையில் இணைந்த கருவிகளும் மற்றவற்றைப் பார்க்க முடியாது. விருந்தாளிகளைப் பிரித்துவைக்கவே அது இருக்கிறது. அலுவலக லேப்டாப்பில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் வீட்டுக் கணினிகள் மறையலாம். எந்தக் காரணமும் தெரியாமல் நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்றால், ரவுட்டர் முகவரியை மாற்றிக் கொடுத்திருக்க வாய்ப்புண்டு. பகிரும் கணினிக்கு எப்போதும் ஒரே முகவரி கிடைக்கும்படி ரவுட்டரில் ஒதுக்கிவிட்டால் இது தீரும்.

வேகத்தைப் பொறுத்தவரை, இணையத் திட்டத்தின் வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஜிகாபிட் ஈதர்நெட் கேபிளில் கணக்குப்படி விநாடிக்கு 125 எம்பி போகலாம். நடைமுறையில் 110 எம்பி அளவுக்குக் கிடைக்கும். 10 ஜிபி கல்யாண வீடியோ ஒன்றரை நிமிடத்தில் போய்விடும். அதே கேபிள் 100 மெகாபிட்டில் ஓடினால் விநாடிக்கு 11 எம்பிதான். கால் மணி நேரம் ஆகும். ஜிகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டு கம்பிகளும் சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும். முனையில் கிளிப் அடிக்கும்போது ஒரு கம்பி விட்டுப்போனாலும் இணைப்பு வழக்கமாகச் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். விலை உயர்ந்த ரவுட்டர் வாங்கியும் வேகம் வரவில்லை என்பவர்கள் முதலில் அந்தக் கிளிப்பைப் பார்ப்பது நல்லது. வைஃபையில், இரண்டு கணினிகளும் ஒரே அலைவரிசையில் இருந்தால் கோப்பு ஒருமுறை ரவுட்டருக்கும் மறுமுறை அங்கிருந்து மற்றக் கணினிக்கும் என்று காற்றில் இரண்டு தடவை போக வேண்டும். ஒரு கணினியையாவது கேபிளில் இணைத்தால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பத்தாயிரம் சிறு படங்கள், அதே மொத்த அளவுள்ள ஒற்றைப் பெரிய கோப்பைவிட மெதுவாகப் போவதும் இயல்பு. ஒவ்வொன்றுக்கும் திற, படி, மூடு என்ற பேச்சுவார்த்தை தனித்தனியாக நடக்கிறது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்ல 2017 மே 12-ஐத் தொடாமல் முடியாது. அந்த வெள்ளிக்கிழமை கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ‘வான்னக்ரை’ என்ற பணயத் தீநிரல் எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்து, யாரும் எதையும் சொடுக்காமலேயே கணினிக்குக் கணினி தாவியது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்எம்பியின் முதல் பதிப்பு பொதுவாக இடம்பெறுவதில்லை.

இதனால் ஒரு பக்கவிளைவு. பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய நெட்வொர்க் வட்டுப் பெட்டிகள் பலவும், யுஎஸ்பி துளை வைத்த சில ரவுட்டர்களும் அந்த முதல் பதிப்பை மட்டுமே பேசும். புதிய லேப்டாப் வாங்கியதும் அவை கண்ணில் படாமல் போகின்றன. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 ப்ரோ பதிப்பு, கடவுச்சொல் இல்லாத விருந்தாளி இணைப்பையும் இயல்பாகவே மறுக்கிறது. முதல் பதிப்பை மீண்டும் இயக்கும் வழி கண்ட்ரோல் பேனலில் இன்னமும் இருக்கிறது. அதைத் தொடக்கூடாது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். முடியாவிட்டால் பெட்டியை மாற்ற வேண்டும். வெளியூரிலிருந்து வீட்டுக் கோப்பை எடுக்கலாமே என்று ரவுட்டரில் 445 என்ற போர்ட்டைத் திறந்துவிடுவது அதைவிட ஆபத்து. எஸ்எம்பி வாசல் அதுதான்; இணையம் முழுவதும் அந்த வாசலைத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கைபேசியும் இந்த வட்டத்துக்குள் வரும். 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் ஐஃபோனின் ‘ஃபைல்ஸ்’ செயலியிலிருந்தே எஸ்எம்பி கோப்புறையைத் திறக்கலாம். ஆண்ட்ராய்டில் பல கோப்பு மேலாளர் செயலிகள் இதைச் செய்கின்றன. எப்போதாவது இரண்டு படம் அனுப்பத்தான் என்றால் இவ்வளவு அமைப்பும் வேண்டாம். ஆப்பிள் கருவிகளுக்குள் ஏர்டிராப், ஆண்ட்ராய்டுக்கும் விண்டோஸுக்கும் குவிக் ஷேர், எல்லா வகைக்கும் பொதுவாக லோக்கல்சென்ட் என்ற இலவசச் செயலி போதும். தினமும் பலர் ஒரே கோப்புகளைத் திறக்கும் வீட்டுக்கு, எப்போதும் விழித்திருக்கும் சிறு வட்டுப் பெட்டி ஒன்று வசதி. பழைய லேப்டாப்பில் லினக்ஸும் சாம்பாவும் போட்டு ஒரு மூலையில் வைத்தாலும் அதே வேலையைச் செய்யும்.

எப்படிப் பகிர்ந்தாலும், பகிரப்பட்ட கோப்பு ஒரே ஒரு பிரதிதான். நாலு கணினியில் தெரிகிறது என்பதால் நாலு இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வட்டு பழுதானால் எல்லாக் கணினியிலிருந்தும் ஒரே நேரத்தில் மறையும். எழுதும் அனுமதி பெற்ற ஏதாவது ஒரு லேப்டாப்பில் பணயத் தீநிரல் புகுந்தால், நெட்வொர்க் கோப்புறையில் உள்ள படங்களையும் சேர்த்தே பூட்டும். எனவே எழுத வேண்டிய தேவை இல்லாதவருக்குப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். மாதம் ஒருமுறை அந்தக் கோப்புறையை ஒரு வெளிவட்டில் நகலெடுத்து, வட்டைக் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள்.